திட்டமிடுதலும் கணக்குப் பார்த்தலும்

"இன்ஷா அல்லாஹ், நாளைக்கு வாருங்கள், தயாராக இருக்கும்."

கடைவீதியில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. மறுநாள் சென்றால் அதே முகம், அதே புன்னகை, அதே சொல். மூன்றாம் நாளும் வெறுங்கையோடு திரும்புகிறவருக்குக் கடைக்காரர் மீது வருத்தம் வருவது இயல்பு. ஆனால் அத்தோடு நின்றுவிடுகிறதா? "அல்லாஹ்வின் பெயரைச் சொன்னாரே என்றுதான் நம்பினேன்" என்று அவர் சொல்லும்போது, ஒரு புனிதமான சொல்லின் மதிப்பே அங்கே குறைந்துவிடுகிறது. வேலை தாமதமாவதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் அன்றோ இது?

நாளைக்கு இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் சொல்லும்போது, அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி திருமறையின் கஹ்பு அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. மனிதன் தன் எல்லையை உணர்ந்து பேசவேண்டும் என்பதே அதன் கருத்து. செய்யவேண்டியதை எண்ணிப் பார்க்காமல் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு, அந்தப் புனிதச் சொல்லால் அதை மூடிவைப்பதற்கு அங்கே இடமில்லை. வாக்குக் கொடுத்தால் மாறுசெய்வது நயவஞ்சகத்தின் அடையாளங்களுள் ஒன்று என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே, வாக்குக் கொடுப்பவன் திட்டமிடக் கடமைப்பட்டவன். திட்டமிட்டவன், அது நடக்கிறதா என்று கணக்குப் பார்க்கக் கடமைப்பட்டவன். இந்த இரண்டு கடமைகளையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

யூசுப் நபி (அலை) அவர்களின் பதினான்கு ஆண்டுத் திட்டம்

திட்டம் என்றால் என்ன? ஆசைக்கும் திட்டத்துக்கும் என்ன வேறுபாடு? இதற்கு யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான விடை வேறெங்கும் கிடைப்பது அரிது.

கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்பதாக மிஸ்ரு நாட்டு மன்னர் கனவு காண்கிறார். பசுமையான ஏழு கதிர்களையும் காய்ந்துபோன வேறு கதிர்களையும் காண்கிறார். சிறையிலிருந்த யூசுப் (அலை) அவர்களிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. பஞ்சம் வரப்போகிறது என்று மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. என்ன செய்யவேண்டும் என்பதையும் வரிசையாகச் சொன்னார்கள். திருமறை எடுத்துரைக்கும் அந்த ஆலோசனையில் ஐந்து உறுப்புகள் இருப்பதைக் காணலாம்.

முதலாவது, காலம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடவேண்டும். அடுத்த ஏழு ஆண்டுகள் கடினமானவை. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன.

இரண்டாவது, அளவு. அறுவடையில் உண்பதற்குத் தேவையான சிறிதளவை மட்டுமே எடுக்கவேண்டும். எவ்வளவு செலவு, எவ்வளவு சேமிப்பு என்ற வரம்பு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது.

மூன்றாவது, முறை. சேமிக்கும் தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்கும்படி சொன்னார்கள். சேமியுங்கள் என்பது நோக்கம். கதிரோடு வைத்துச் சேமியுங்கள் என்பது வேலைசெய்பவன் கைக்கு எட்டும் வழி.

நான்காவது, கையிருப்பு. பஞ்ச ஆண்டுகளிலும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடக் கூடாது. ஒரு சிறு பகுதியைப் பாதுகாத்து வைக்கவேண்டும். பஞ்சம் நீங்கி மழை பொழியும் ஆண்டில் விதைக்க விதை வேண்டாமா?

ஐந்தாவது, பொறுப்பாளர். பண்டகசாலைகளைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டபோது, தாம் பாதுகாப்பவர் என்றும் அறிந்தவர் என்றும் இரண்டு தகுதிகளை அவர்கள் கூறினார்கள். நாணயம் மட்டும் இருந்து அறிவு இல்லையென்றால் பண்டம் வீணாகும். அறிவு மட்டும் இருந்து நாணயம் இல்லையென்றால் பண்டம் காணாமற்போகும்.

காலம், அளவு, முறை, கையிருப்பு, பொறுப்பாளர். இந்த ஐந்தும் இருந்தால்தான் அது திட்டம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது ஆசையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இது பழைய மிஸ்ரு நாட்டோடு முடிந்துபோன செய்தி அன்று. நம் திருச்சி வட்டாரத்துக்கே இது நன்கு பொருந்தும். திருவெறும்பூரில் 1960-களில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. அதற்கு வேண்டிய இரும்புக் கட்டுமானங்களைச் செய்துகொடுக்கும் பட்டறைகள் துவாக்குடி, மாத்தூர் முதலிய இடங்களில் பெருகின. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்தப் பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சத்தில் எரிந்தது. பின்னர் 2010-களில் புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தபோது, அந்த ஒரே வாடிக்கையாளரையே நம்பியிருந்த பட்டறைகள் வேலையின்றித் தவித்தன, பல மூடப்பட்டன. கொழுத்த ஆண்டுகளில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. அப்போதுதான் மெலிந்த ஆண்டுக்கான கேள்வியைக் கேட்கவேண்டும். இந்த வரவு நின்றால் எத்தனை மாதம் கூலி கொடுக்க இயலும்? வேறு யாருக்கு நம் பொருள் பயன்படும்? நான்காவது உறுப்பாகிய கையிருப்பை மறந்தால் வரும் விளைவு இதுவே.

தவக்குல் எங்கே வருகிறது?

"இவ்வளவு கணக்குப் போட்டால் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை குறைந்துவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்புவதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிந்ததுதான். அதை அவர்களே வாழ்ந்து காட்டிய நிகழ்ச்சி ஹிஜ்ரத்.

கி.பி. 622-ல் மக்காவை விட்டுப் புறப்பட்ட அந்த இரவை நினைத்துப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை மாதக்கணக்கில் முன்பே தீனிபோட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். மதீனா இருப்பது வடக்கே. ஆனால் முதலில் சென்றதோ தெற்கே உள்ள தௌர் குகைக்கு. தேடுகிறவர்கள் வடக்கு நோக்கித்தானே ஓடுவார்கள்! மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். மக்காவில் என்ன பேசப்படுகிறது என்ற செய்தியை இரவில் கொண்டுவருவது அப்துல்லாஹ் பின் அபீபக்ர் அவர்களின் வேலை. உணவு ஆயத்தம் செய்தது அஸ்மா (ரலி) அவர்கள். ஆடுகளை ஓட்டிவந்து பால் கொடுப்பதும், காலடித் தடங்களை ஆட்டு மந்தையால் அழிப்பதும் ஆமிர் பின் ஃபுஹைரா அவர்களின் பொறுப்பு. வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. பாலைவழி அறிந்தவர், நம்பத் தகுந்தவர் என்பதற்காகக் கூலி பேசி அமர்த்தப்பட்டார்.

இத்தனை ஏற்பாடும் முடிந்த பிறகு, எதிரிகள் குகை வாயிலுக்கே வந்து நின்றார்கள். அதற்குமேல் எந்த ஏற்பாடும் மனிதர் கையில் இல்லை. அப்போதுதான், கவலைப்படாதீர், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் கூறினார்கள். ஏற்பாடுகளைச் செய்வதற்கு முன்பே சொல்லும் சோம்பல் வார்த்தையாக அது இருக்கவில்லை. தவக்குலின் இடம் எது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

முக்கொம்பு கற்பிக்கும் பாடம்

இதுவரை திட்டமிடுதலைப் பார்த்தோம். இனி அதன் மறுபாதி. திட்டம் நடந்தேறிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். அது சரியா? இதற்கு நம் ஊர் ஆறே சாட்சி.

எடமலைப்பட்டி புதூர் வாசிகள் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று முக்கொம்பு. அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடபுறம் செல்லும் கிளை கொள்ளிடம். தென்புறம் செல்வது காவிரி. இரண்டுக்கும் நடுவில் திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் சரிவாகவும் இருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் மேலும் மேலும் அந்தப் பக்கமே இழுபட்டது. காவிரிக்குள் மணல் சேர்ந்தது. தஞ்சை வயல்கள் தண்ணீரின்றி வாடின.

ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் இதற்கு ஒரு திட்டம் வகுத்தார். கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணை எழுப்பி, தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்புவது. அவ்வளவு மணலில் அடித்தளம் நிற்குமா? பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் கல்லணை அவருக்கு ஆசிரியராயிற்று. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை முன்னோரிடமிருந்தே கற்றதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1836-ல் மேலணை எழுந்தது. தண்ணீர் திரும்பியது. திட்டம் வெற்றி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. திட்டம் வேலை செய்தது. எதிர்பார்த்ததற்கும் அதிகமாகவே செய்தது. தண்ணீர் காவிரிக்குள் மிகுதியாகப் பாய்ந்து, அதன் தலைப்பில் படுகையை அரித்து ஆழமாக்கத் தொடங்கியது. முன்பு தண்ணீர் வரவில்லை என்று வருந்திய பக்கம், இப்போது வெள்ளம் வந்துவிடுமோ என்று அஞ்சவேண்டிய நிலை. பொறியாளர்கள் மறுபடியும் அளந்தார்கள். 1840-களில் காவிரியின் தலைப்பிலும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் கட்டுமானங்கள் எழுந்தன. வெற்றி கிடைத்ததே என்று கணக்கை மூடியிருந்தால் என்னவாகியிருக்கும்?

இன்னொரு செய்தியும் உண்டு. 2018 ஆகஸ்டு 22-ம் நாள் இரவு, காவிரியில் பெருவெள்ளம் வந்திருந்த வேளையில், முக்கொம்பின் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் 9 மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொண்டு அவசரமாக அடைக்கவேண்டியதாயிற்று. பின்னர் சுமார் 387 கோடி ரூபாய்ச் செலவில் புதிய கதவணை கட்டப்பட்டு, 2022-ல் திறக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைக் குறித்துக்கொள்வோம். ஒன்று, தோற்ற திட்டத்தை மட்டுமின்றி வென்ற திட்டத்தையும் கணக்குப் பார்க்கவேண்டும். ஏனெனில் வெற்றியும் தன் பங்குக்குப் புதிய விளைவுகளைக் கொண்டுவருகிறது. இரண்டு, ஒருமுறை பார்த்த கணக்கு என்றைக்கும் போதாது. ஆறு மாறுகிறது, ஊர் மாறுகிறது, தேவையும் மாறுகிறது.

ஊர் மாறுவதற்கு இன்னும் அருகிலேயே சான்று இருக்கிறது. எடமலைப்பட்டி புதூரை அடுத்த பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூலையில் வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. மத்தியப் பேருந்து நிலையத்துக்கு வரும் வெளியூர்ப் பயணிகளை நம்பித் தேநீர்க் கடையோ பெட்டிக் கடையோ வைத்தவரின் திட்டம், அது போடப்பட்ட நாளில் சரியானதுதான். ஆனால் பயணி வேறிடம் போன பிறகும் பழைய கணக்கின்படியே பாலும் ரொட்டியும் வாங்கிக் குவித்தால் நஷ்டம் யாருக்கு?

ஒரு தையற்கூடத்தின் கணக்கு

பெரிய அணையும் பேருந்து முனையமும் இருக்கட்டும். மூன்று இயந்திரங்கள் கொண்ட ஒரு சிறு தையற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் இப்படி ஒன்று நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உரிமையாளர் ஒருவர், தைப்பவர்கள் மூவர். பள்ளி திறக்குமுன் மே 31-க்குள் 240 செட் சீருடை தைத்துத் தரமுடியுமா என்று கேட்டு, முன்பணத்தோடு ஒருவர் வந்து நிற்கிறார். "இன்ஷா அல்லாஹ், முடித்துவிடலாம்" என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஒரு காகிதத்தை எடுப்போம்.

ஒருவர் நாளொன்றுக்கு 3 செட். மூவரும் சேர்ந்து 9 செட். 240-ஐ 9-ஆல் வகுத்தால் 27 நாட்கள் வேண்டும். மே மாதத்தில் 31 நாட்கள். வெள்ளிக்கிழமைகள் 4 போக எஞ்சுவது 27. சரியாக இருக்கிறதே என்று மகிழவேண்டாம்! ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? மின்சாரம் நின்றால்? இயந்திரம் பழுதானால்? ஒரு நாள்கூடக் கையிருப்பு இல்லாத திட்டம் இது. யூசுப் நபி (அலை) அவர்கள் கற்பித்த நான்காவது உறுப்பு இங்கே இல்லை.

ஆகவே உரிமையாளர் நேர்மையாகச் சொல்கிறார்: "மே 31-க்குள் 200 செட் தருகிறேன், இன்ஷா அல்லாஹ். மீதி 40-ஐ வேறொருவரிடம் கொடுங்கள். அல்லது ஜூன் பத்துவரை எனக்கு அவகாசம் தாருங்கள்." வந்தவர் 200 செட்டுக்கு ஒப்புக்கொள்கிறார். 200 செட்டுக்கு 23 நாட்கள். கையிருப்பு 4 நாட்கள். இப்போது அந்த 'இன்ஷா அல்லாஹ்'வுக்குப் பொருள் இருக்கிறது. மனிதன் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, தன் சக்திக்கு மீறியதை இறைவனிடம் விடுகிறான்.

வேலை தொடங்கியது. முதல் 6 வேலைநாட்கள் முடிந்ததும் கணக்குப் பார்க்கிறார். 54 செட் இருக்கவேண்டும், இருப்பதோ 42. அதாவது நாளொன்றுக்கு 7. எஞ்சியுள்ள 21 நாட்களும் இப்படியே போனால் 147 செட் வரும். மொத்தம் 189. வாக்குக்கு 11 குறைகிறது. பதினொரு பிள்ளைகள் பள்ளி திறக்கும் நாளில் பழைய சட்டையோடு நிற்பார்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தைப்பவர்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறார்கள். இரவு பத்து மணிவரை உட்காரவைக்கிறார்கள். இவரோ, "ஏன் குறைந்தது? நீங்கள் சொல்லுங்கள்" என்று அவர்களையே கேட்கிறார். மூவரில் மூத்தவர் தயங்கிச் சொல்கிறார்: "பாய், காலையில் ஒரு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் துணி வெட்டிக் கொடுத்தால்தானே தைக்கமுடியும்? காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் வேறு எங்கள் தலையிலேயே விழுகிறது."

குறை தையலில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. வெட்டுபவரோ உரிமையாளரேதான்! அன்றிலிருந்து மறுநாள் துணியை முந்திய இரவே இஷாவுக்குப் பிறகு வெட்டி வைக்கிறார். காஜாவையும் பட்டனையும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி பேசிக் கொடுத்தனுப்புகிறார். இரண்டாவது வாரம் 54 செட் வந்தது. மொத்தம் 96. மீதி 104, நாளுக்கு 9 வீதம் 12 நாட்கள் போதும், இருப்பது 15 நாட்கள். மூன்று நாட்கள் மறுபடியும் கைக்கு வந்துவிட்டன. அடுத்த வாரம் ஓர் இயந்திரம் இரண்டு நாள் பழுதாகி 6 செட் குறைந்தாலும் வாக்கு தவறாது.

இந்தக் கணக்கை அவர் மே 28-ம் தேதி பார்த்திருந்தால் என்ன பயன்? வருத்தப்படத்தான் பயன்பட்டிருக்கும். கணக்குப் பார்ப்பதற்கான நாளையும் வேலை தொடங்குமுன்பே குறித்துவைக்கவேண்டும் என்பது இதனால்தான்.

உஹதுக்குப் பிறகு

திட்டம் பிசகும்போது கணக்குப் பார்ப்பது எளிதன்று. கோபம் வரும்; யார் மீது பழிபோடலாம் என்று மனம் தேடும். இந்த இடத்தில் உஹதுப் போரை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு. நகரத்துக்குள் இருந்தே எதிர்ப்பதா, வெளியே சென்று எதிர்ப்பதா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பலர், குறிப்பாக இளைஞர்கள், வெளியே செல்ல விரும்பினார்கள். அவ்வாறே முடிவாயிற்று. ஐம்பது வில்வீரர்களை அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஒரு குன்றின்மீது நிறுத்தி, வென்றாலும் தோற்றாலும் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி தெரிந்தவுடன் அவர்களில் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அந்த இடைவெளி வழியாக எதிரியின் குதிரைப்படை புகுந்தது. எழுபது பேர்வரை ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களே காயமுற்றார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வந்த இறைக்கட்டளை என்ன? அவர்களிடம் மென்மையாக நடந்ததைப் பாராட்டி, அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடும்படியும், காரியங்களில் அவர்களோடு தொடர்ந்து ஆலோசனை செய்யும்படியும், முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படியும் ஆலு இம்ரான் அத்தியாயம் கூறுகிறது.

கணக்குப் பார்ப்போர் சிந்திக்கவேண்டிய மூன்று குறிப்புகள் இதில் உள்ளன. முதலாவது, குறை எங்கே என்று பிரித்தறிவது. வில்வீரர்களைக் குன்றில் நிறுத்திய திட்டம் சரியானது. அதை விட்டு இறங்கியதுதான் பிழை. திட்டத்தின் குறையா, செயலின் குறையா என்று பிரிக்காவிட்டால் நல்ல திட்டத்தைக் கைவிட்டுக் கெட்ட பழக்கத்தை வைத்துக்கொள்வோம். இரண்டாவது, பிழையை மூடிமறைக்காமல் இருப்பது. என்ன நடந்தது என்பதை அதே அத்தியாயம் வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறது. மூன்றாவது, பிழை நேர்ந்துவிட்டது என்பதற்காக ஆலோசனையை நிறுத்தாமல் இருப்பது. "இவர்களைக் கேட்டதால்தான் இப்படி ஆயிற்று, இனி யாரையும் கேட்கமாட்டேன்" என்று சொல்லும் முதலாளிகளையும் குடும்பத் தலைவர்களையும் நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு இதில் படிப்பினை இருக்கிறது.

கீழே இருப்பவர் பேசத் தயங்காத சூழ்நிலையும் வேண்டும். பத்ருப் போருக்கு முன் படை ஓரிடத்தில் இறங்கியபோது, ஹுபாப் பின் அல்முன்திர் (ரலி) என்ற தோழர், இந்த இடம் இறைக்கட்டளையால் முடிவானதா, அல்லது தங்களின் அபிப்பிராயமா என்று பணிவோடு கேட்டார். அபிப்பிராயம்தான் என்று தெரிந்ததும், தண்ணீருக்கு அருகே செல்வது நல்லது என்றார். நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே இடத்தை மாற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இறைத்தூதரிடமே அப்படிக் கேட்க முடிந்ததென்றால், நம் பட்டறையில் ஒரு தொழிலாளி "பாய், இது சரிவராது" என்று சொல்ல ஏன் அஞ்சவேண்டும்?

இரவில் ஐந்து கேள்விகள்

நீங்கள் விசாரிக்கப்படுவதற்கு முன் உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் கூறியிருப்பதை அறிவோம். ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்று கவனிக்கவேண்டும் என்கிறது ஹஷ்ர் அத்தியாயம். இந்த முஹாசபாவைத் தொழுகை, நோன்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் தொழிலுக்கும் கொண்டுவருவோம். கூலியும், வாக்கும், அளவும், தரமும் அடியார்களின் ஹக்குகள் அல்லவா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒருமுறை, வியாழன் இரவு என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும், இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஓரிரு வரி எழுதுங்கள்.

1. இந்த வாரம் எதை, எவ்வளவு முடிப்பதாக இருந்தோம்?

2. உண்மையில் எவ்வளவு முடிந்தது? (எண்ணிப் பார்த்து எழுதுங்கள், "ஏறக்குறைய முடிந்தது" என்பது விடையாகாது.)

3. வேறுபாடு ஏன் வந்தது? திட்டத்தின் குறையா, செயலின் குறையா, நம் கையில் இல்லாத காரணமா? வேலை செய்தவரைக் கேட்டோமா?

4. அடுத்த வாரம் எதை மாற்றுகிறோம்? அதற்குப் பொறுப்பு யார்?

5. இதனால் யாருடைய ஹக்காவது நம்மிடம் நின்றுபோயிற்றா? கொடுக்காத கூலி, தவறிய தேதி, சொல்லாமல் விட்ட குறை?

ஐந்தாவது கேள்வியே மற்ற நான்கையும் காக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்து, அதற்காக ஒரு தொழிலாளியின் உறக்கத்தையோ, வாங்குபவரின் நம்பிக்கையையோ விற்றிருந்தால் அந்தத் திட்டம் வெற்றியென்று எப்படிச் சொல்வது? தேதி தவறப்போகிறது என்று தெரிந்தால், அந்தத் தேதி வருமுன்பே ஆளனுப்பிச் சொல்லிவிடுவது பாதி ஹக்கை நிறைவேற்றியதற்குச் சமம். வாங்குபவர் வேறு வழி பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இல்லத்தரசிகளுக்கும் இது பொருந்தும். ரமலானுக்கு முன் வீட்டுச் செலவைத் திட்டமிடுவதும், பெருநாள் கழிந்ததும் எங்கே மிகுந்தது, எங்கே குறைந்தது என்று எழுதிவைப்பதும் அடுத்த ஆண்டுக்குப் பெரும் உதவி. பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு எழுதினால், கணக்கோடு அமானிதத்தையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு காரியத்தைத் தொடங்குமுன் நிய்யத்தைச் சரிசெய்வோம். தெரிந்தவர்களிடம் மஷ்வரா செய்வோம். இஸ்திகாரா தொழுது இறைவனிடம் நன்மையைக் கேட்போம். காலம், அளவு, முறை, கையிருப்பு, பொறுப்பாளர் என்ற ஐந்தையும் எழுதுவோம். குறித்த நாளில் கணக்குப் பார்ப்போம். இத்தனையும் செய்தபின் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்வோம். அப்போது கேட்பவரின் மனம் குளிரும். அந்தச் சொல்லும் தன் மதிப்போடு நிற்கும்.

நம் வாக்குகளை நிறைவேற்றும் ஆற்றலையும், நம் குறைகளைக் காணும் கண்ணையும், நம் உழைப்பில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.